உயிரைப் பணயம் கேட்கும் தொலைக்காட்சி: கொலை விளையாட்டுப் படங்களின் எழுபது ஆண்டுகள்

1970ஆம் ஆண்டு ஒக்ரோபர் 18ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. மேற்கு ஜேர்மனியின் ஏ.ஆர்.டி தொலைக்காட்சியில் ஒரு போட்டி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. பேர்ன்ஹார்ட் லொட்ஸ் என்ற இளைஞர் ஏழு நாட்களாகத் தலைமறைவாக ஓடுகிறார். துப்பாக்கிகளுடன் ஒரு கும்பல் அவரைத் தேடுகிறது. ஏழாம் நாள் இரவு உயிரோடு அரங்குக்கு வந்து சேர்ந்தால் அவருக்குப் பத்து இலட்சம் மார்க். அதற்கு முன் அகப்பட்டால் சுட்டுக் கொல்லப்படுவார். பரிசு கொன்றவர்களுக்குப் போகும். இடையிடையே விளம்பரங்கள், நடனம், வீதியில் போவோரிடம் “லொட்ஸ் தப்புவாரா?” என்று கருத்துக் கேட்கும் நிருபர்கள்.

அது முழுக்கக் கற்பனை. ‘டாஸ் மில்லியோனென்ஷ்பீல்’, அதாவது ‘மில்லியன் விளையாட்டு’, என்ற தொலைக்காட்சித் திரைப்படம். ஆனாலும் பார்த்தவர்களில் பலர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தனர். ஆத்திரப்பட்டவர்கள் இருந்தனர். கூடவே, அடுத்த சுற்றில் ஓடுவதற்கு எப்படி விண்ணப்பிப்பது என்று விசாரித்தவர்களும், துரத்துகிற கும்பலில் சேர விரும்பியவர்களும் இருந்தனர்.

நெட்ஃபிளிக்ஸின் ‘ஸ்குவிட் கேம்’ 2021இல் வந்தபோது, பலர் அதை முற்றிலும் புதிய கற்பனை என்று எண்ணினர். உண்மையில் மனிதர் சாகும் போட்டி நிகழ்ச்சியைக் கதையாக்கி, அதன்மூலம் தொலைக்காட்சியைக் கிண்டல் செய்யும் படங்களுக்கு நீண்ட பரம்பரை உண்டு. அந்த வரிசையைத் தொடர்ச்சியாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இந்தப் படங்களை எடுத்தவர்களை உறுத்திய விடயம் கொலை அல்ல. கொலைக்கு யார், எந்தப் படிவத்தில், எதற்காகக் கையொப்பமிட்டார்கள் என்பதுதான் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி. கையொப்பமிட்டவர் ஒருவர்; அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பல இலட்சம் பேர்.

ஷெக்லியின் இரண்டு சிறுகதைகள்

இந்த வகைக்கு ஒரு தந்தையைச் சொல்லவேண்டுமென்றால் அது அமெரிக்க விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ரொபேர்ட் ஷெக்லி. 1953இல் ‘கலக்சி’ சஞ்சிகையில் அவர் எழுதிய ‘ஏழாவது பலி’ என்ற கதையில், போரை ஒழிப்பதற்கு மாற்றாக அரசாங்கம் சட்டபூர்வமான கொலையை அனுமதிக்கிறது. விரும்பியவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். ஒரு முறை வேட்டைக்காரர், மறுமுறை இரை. கதையின் நாயகன் தான் கொல்லவேண்டிய பெண்ணைச் சந்தித்து அவள்மீது காதல் கொள்கிறான். முடிவில் சுடுவது அவள்.

1965இல் இத்தாலிய இயக்குநர் எலியோ பெட்ரி இதைப் ‘பத்தாவது பலி’ என்ற பெயரில் படமாக்கினார். மார்ச்செல்லோ மஸ்த்ரோயானி இரை. உர்சுலா ஆண்ட்ரெஸ் வேட்டைக்காரி. ஐந்து முறை வேட்டைக்காரராகவும் ஐந்து முறை இரையாகவும் பத்துச் சுற்றைத் தாண்டுபவருக்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு. மூலக்கதையில் இல்லாத ஒன்றைப் பெட்ரி சேர்த்தார்: அனுசரணை. அந்தப் பெண் தனது பத்தாவது கொலையை ‘மிங்’ என்ற தேயிலை நிறுவனத்தின் விளம்பரத்துக்காக உரோமின் பழைய கோயில் இடிபாடு ஒன்றில், கமராக்களின் முன்னால் நிகழ்த்தத் திட்டமிடுகிறாள். வெளிச்சம், கோணம், நடனக்காரர் எல்லாம் தயார். கொல்லப்படவேண்டியவர் சரியான இடத்தில் வந்து நிற்கவேண்டியதுதான் பாக்கி. இன்று பார்க்கையில் படம் அலங்காரம் கூடியதாகவும் கதை தளர்ந்ததாகவும் தோன்றும். ஆனால் சாவுக்கும் சரக்கு விற்பனைக்கும் முடிச்சுப் போட்ட முதல் படங்களில் அது ஒன்று.

ஷெக்லியின் இரண்டாவது கதைதான் கூடுதல் செல்வாக்குச் செலுத்தியது. 1958இல் வெளிவந்த ‘ஆபத்தின் பரிசு’ கதையில் ஜிம் ரேடர் என்ற சாதாரண மனிதர் ஒரு வாரம் கொலைகாரக் கும்பலிடமிருந்து தப்பி ஓடவேண்டும். நாடு முழுவதும் அதை நேரலையில் பார்க்கிறது. ஷெக்லி இதில் இரண்டு விடயங்களை மிகத் துல்லியமாக ஊகித்திருக்கிறார். முதலாவது, இப்படியான நிகழ்ச்சிக்கு ஒரு சட்டம் வேண்டும். கதையில் ‘விருப்பத் தற்கொலைச் சட்டம்’ என ஒன்று வருகிறது. தன் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்பதே அதன் நியாயம். உரிமை என்ற சொல் இப்படியும் பயன்படலாம் என்பதை 1958இலேயே ஒருவர் கண்டுகொண்டார்.

இரண்டாவது ஊகம் இன்னும் முக்கியம். பயிற்சி பெற்ற சாகசக்காரர்களைவிட, பக்கத்து வீட்டுக்காரர் போன்ற ஒருவர் திணறுவதையே பார்வையாளர் விரும்புவர் என்று அவர் எழுதினார். ரேடர் தெரிவு செய்யப்படுவதற்குக் காரணமே அவரிடம் விசேட திறமை எதுவும் இல்லாததுதான். நாற்பது ஆண்டுகள் கழித்து றியாலிட்டி தொலைக்காட்சி முழுவதும் இந்த ஒரே அவதானிப்பின்மேல் கட்டப்பட்டது. கதையில் பார்வையாளர்கள் தொலைபேசியில் அழைத்து ரேடருக்கு உதவுகிறார்கள். ஆபத்து வருவதை எச்சரிக்கிறார்கள். அறிவிப்பாளர் அந்தக் கருணையையும் நிகழ்ச்சியின் ஓர் அம்சமாக்கி விற்றுவிடுகிறார்.

மெங்கேயின் பொய் நிகழ்ச்சி

‘ஆபத்தின் பரிசு’ கதையைத்தான் திரைக்கதை ஆசிரியர் வொல்ஃப்காங் மெங்கேயும் இயக்குநர் டொம் டொல்லேயும் 1970இல் ‘மில்லியன் விளையாட்டு’ ஆக்கினர். அவர்கள் செய்த வேலை ஒரு கதையைப் படமாக்குவது என்பதைவிட, ஒரு நிகழ்ச்சியைப் போலியாகத் தயாரிப்பது என்று சொல்வதே பொருந்தும். படத்துக்கு வெளியே நின்று “இது கதை” என்று சொல்லும் எந்தச் சட்டகமும் இல்லை. கற்பனையான ‘ரி.ஈ.ரி.வி’ என்ற தனியார் நிறுவனத்தின் இலச்சினை, அறிவிப்பாளர், இடைவேளை விளம்பரங்கள், முன்னைய நாட்களின் தொகுப்பு என எல்லாமே ஒரு சனிக்கிழமை இரவுக் கேளிக்கை நிகழ்ச்சியின் அச்சு.

அறிவிப்பாளராக நடித்தவர் டீற்றர் தோமஸ் ஹெக். அவர் நடிகரல்லர், மேற்கு ஜேர்மனியின் பிரபல பாடல் நிகழ்ச்சியான ‘ஹிற்பராட’வை நடத்தி வந்த உண்மையான அறிவிப்பாளர். மாதாமாதம் வீட்டு வரவேற்பறைக்கு வந்துபோகும் அதே முகம், அதே வேகமான பேச்சு. மக்கள் அறிந்த விளையாட்டு நிருபர்கள் நிருபர்களாகவே வந்தனர். துரத்தும் கும்பலின் தலைவராக நடித்த டீற்றர் ஹல்லர்ஃபோர்டன் பின்னாளில் நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்றார். இதில் அவர் சிரிக்காமல் வருகிறார். நம்பிவிட்ட பார்வையாளர்களைக் குறைசொல்ல முடியாது.

படத்தில் இந்த நிகழ்ச்சியை அனுமதிப்பதும் ஒரு சட்டம்தான். ஓய்வு நேரத்தைச் சுறுசுறுப்பாகக் கழிப்பதற்கான சட்டம் என்ற பெயரில். மெங்கேயின் கிண்டல் இப்படித்தான் இருக்கும். குரலை உயர்த்தாமல், அரச அலுவலக மொழியிலேயே பேசிவிட்டு நகர்ந்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 1967இலிருந்து மேற்கு ஜேர்மனியில் ‘அக்டென்சைஹென் எக்ஸ்-வை’ என்ற நிகழ்ச்சி ஒளிபரப்பாகி வந்தது. தீர்க்கப்படாத குற்றங்களை நடித்துக் காட்டி, சந்தேகநபர்களைக் கண்டால் தகவல் தருமாறு பார்வையாளர்களைக் கேட்கும் நிகழ்ச்சி அது. பொலிஸாருக்கு உதவுவது நல்ல காரியம்தானே என்று ஒரு தரப்பு. நாட்டையே தகவலாளிகளாக்குகிறார்கள் என்று மறுதரப்பு. நாசிக் காலத்தில் அயலவரைக் காட்டிக்கொடுத்த நினைவு அழியாத சமூகத்தில் அந்த விவாதம் சாதாரணமானதல்ல. ‘மில்லியன் விளையாட்டு’ வெளியானது இந்தப் பின்னணியில். லொட்ஸை ஒளித்து வைப்பவரும் பொதுமக்கள்தான். அவரை அடையாளம் காட்டிவிடுபவரும் பொதுமக்கள்தான். இரண்டையும் நிகழ்ச்சி ஒரே உற்சாகத்தோடு அறிவிக்கிறது.

முடிவில் லொட்ஸ் உயிர் தப்புகிறார். பரிசை மகிழ்ச்சியோடு ஏந்தும் நிலையில் அவர் இல்லை. நரம்புகள் நொறுங்கிப்போன ஒரு மனிதரைக் கூட்டம் கைதட்டி வரவேற்கிறது. உரிமைப் பிணக்கு ஒன்றினால் இந்தப் படம் நீண்டகாலம் அலமாரியில் முடங்கிக் கிடந்தது. 2002இல் மீண்டும் ஒளிபரப்பானபோது, அதில் கிண்டலாகச் சொல்லப்பட்ட பலவும், கொலையைத் தவிர, ஜேர்மன் தொலைக்காட்சியில் வழமையாகிவிட்டிருந்தன.

இதே காலத்தில் பிரித்தானியாவிலும் ஒருவர் இதையொட்டிச் சிந்தித்திருந்தார். 1968இல் பி.பி.சி 2இல் ஒளிபரப்பான நைஜல் நீலின் நாடகத்தில், எதிர்கால ஆட்சியாளர்கள் மக்களை எந்நேரமும் தொலைக்காட்சியில் மூழ்கடித்து அடக்கி வைத்திருக்கிறார்கள். எதற்கும் சிரிக்காமல் மந்தித்துப்போன பார்வையாளர், ஒருநாள் நேரலையில் ஒருவர் தற்செயலாக விழுந்து சாவதைக் கண்டு வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். தயாரிப்பாளருக்குப் பொறி தட்டுகிறது. ஒரு குடும்பத்தைத் தனித்தீவில் குடியேற்றிக் கமராக்களைப் பூட்டுகிறார்கள். பிறகு, அவர்களுக்குச் சொல்லாமல், ஒரு கொலைகாரனையும் அதே தீவில் விடுகிறார்கள். வண்ணத்தில் எடுக்கப்பட்ட இந்த நாடகத்தின் கறுப்பு வெள்ளைப் பிரதி மட்டுமே இன்று எஞ்சியிருக்கிறது. தீவு, கமரா, குடும்பம், இடையில் புதிதாக உள்ளே அனுப்பப்படும் ஒருவர்: ‘பிக் பிரதர்’ 1999இல் நெதர்லாந்தில் தொடங்க இன்னும் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்தன. அதன் தமிழ் வடிவத்தை 2017 முதல் பார்த்து வருபவர்களுக்கும், 2019இல் இலங்கையிலிருந்து போன இருவருக்காக இரவிரவாக வாக்களித்தவர்களுக்கும் இந்தச் சூத்திரத்தை விளக்கத் தேவையில்லை.

வெட்டி ஒட்டிய காணொளி

பிரான்சில் 1983இல் ஈவ் புவாசே ஷெக்லியின் அதே கதையை ‘லு ப்ரி டு டான்ஜே’ என்ற பெயரில் எடுத்தார். வேலையில்லாப் பட்டாளத்தில் ஒருவராக ஜெரார் லான்வான்; வெண்பற்கள் மின்னும் அறிவிப்பாளராக மிஷல் பிக்கோலி. இதில் நாயகன் பாதியில் ஒன்றைக் கண்டுபிடிக்கிறான்: போட்டி நேர்மையாக நடக்கவில்லை. பார்வையாளர் எண்ணிக்கை விழாதபடி, சாகவேண்டிய நேரத்தை நிறுவனம் முன்னும் பின்னும் தள்ளுகிறது. நான்கு ஆண்டுகளில் ஹொலிவூட்டிலிருந்து ‘த ரன்னிங் மான்’ வந்தபோது, தனது படத்தைத் திருடிவிட்டார்கள் என்று புவாசே வழக்குத் தொடுத்தார். அது பல ஆண்டுகள் இழுபட்டது.

‘த ரன்னிங் மான்’ முதலில் ஒரு நாவல். ஸ்டீபன் கிங், ரிச்சர்ட் பக்மன் என்ற புனைபெயரில் 1982இல் வெளியிட்டது. கதை நடக்கும் ஆண்டு 2025. நாயகன் பென் ரிச்சர்ட்ஸுக்கு வேலையில்லை. கைக்குழந்தைக்குக் கடும் காய்ச்சல், மருந்துக்குக் காசில்லை. மனைவி அந்தக் காசுக்காக எங்கே போகிறாள் என்பது அவருக்குத் தெரியும். அந்த நிலையில்தான் அவர் விளையாட்டு நிறுவனத்தின் கட்டடத்தில் வரிசையில் நிற்கிறார். முப்பது நாட்கள் நாடு முழுவதும் ஓடி ஒளியவேண்டும். தப்பியிருக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் நூறு டொலர் குடும்பத்துக்குப் போகும். அவரைக் கண்டதாகத் தகவல் தரும் பொதுமக்களுக்கும் பணம். ஷெக்லியின் கதையில் இரக்கத்தோடு தொலைபேசி எடுத்த அந்தப் பார்வையாளர், இருபத்து நான்கு ஆண்டுகளில் கூலிக்குத் தகவல் கொடுப்பவராக மாறிவிட்டார். என் பார்வையில் இந்த வகைக் கதைகளில் நடந்த மிகப்பெரிய மாற்றம் இதுதான்.

1987இல் ஆர்னோல்ட் ஸ்வார்ஸ்னேகர் நடித்து வெளிவந்த படம் நாவலின் வறுமையைக் கழற்றி எறிந்துவிட்டது. பளபளக்கும் மஞ்சள் உடை, மின்சாரம் பாய்ச்சும் கொழுத்த வில்லன், அடிக்கு ஒரு வசனம். சண்டைப் பகுதிகளை இன்று சிரிக்காமல் பார்க்க முடியாது. ஆனால் ஸ்ரூடியோவுக்குள் நடக்கும் காட்சிகள் கூர்மையானவை. அறிவிப்பாளர் டேமன் கில்லியனாக வருபவர் ரிச்சர்ட் டோசன். ‘ஃபமிலி ஃபியூட்’ என்ற குடும்பப் போட்டி நிகழ்ச்சியை ஏறத்தாழப் பத்தாண்டு நடத்தியவர். ஜேர்மன் படத்தில் ஹெக் செய்ததை இங்கே டோசன் செய்கிறார். மேடையில் பாட்டிமாரைக் கட்டியணைத்துக் கொஞ்சிவிட்டு, திரைக்குப் பின்னால் துப்புரவுத் தொழிலாளியை வேலையிலிருந்து தூக்கும் அந்த மனிதர் தன் தொழிலையே காட்டிக்கொடுக்கிறார். நீதித் திணைக்களத்தின் ‘பொழுதுபோக்குப் பிரிவு’க்கு அவர் தொலைபேசி எடுக்கும் இடம் ஒரு வரி நகைச்சுவை. கைதிக்கு நீதிமன்றம் வழக்கறிஞருக்குப் பதிலாக ஒரு கலைத்துறை முகவரை நியமிப்பது இன்னொன்று.

படத்தின் அச்சாணியாக இருப்பது ஒரு காணொளி. இதில் ரிச்சர்ட்ஸ் ஒரு பொலிஸ் ஹெலிகொப்டர் விமானி. உணவு கேட்டுத் திரண்ட கூட்டத்தின்மீது சுடும்படி கட்டளை வருகிறது. நிராயுதபாணிகள் என்று சொல்லி மறுக்கிறார். கட்டளை நிறைவேற்றப்படுகிறது, பழி அவர்மேல் விழுகிறது. அந்த உரையாடலை வெட்டி, வரிசை மாற்றி ஒட்டி, அவரே மக்களைக் கொன்ற கசாப்புக்காரர் என்று நாட்டுக்குக் காட்டுகிறார்கள். கூட்டம் அவரை வெறுக்கிறது; அவர் சாகவேண்டும் என்று உளமார விரும்புகிறது. பிற்பகுதியில், வேறு ஆட்களின் உடலில் முகத்தைப் பொருத்தி, நடக்காத கொலையொன்றை நேரலை என்று ஒளிபரப்புகிறார்கள். செயற்கை நுண்ணறிவுக் காணொளிகளின் காலத்தில் இது வியப்பூட்டாது. 1987இல் வெறும் கற்பனை. போரின் கடைசி நாட்களில் எடுக்கப்பட்ட காணொளிகள் உண்மையா புனைவா என்ற தர்க்கத்தை ஆண்டுக்கணக்காகக் கேட்ட நமது வாசகருக்கு இந்தக் காட்சிகள் வேறு மாதிரித்தான் தெரியும்.

இந்தப் படத்தில் நடித்த இருவர் பின்னாளில் அமெரிக்க மாநில ஆளுநர்களாகினர்: ஸ்வார்ஸ்னேகர் கலிபோர்னியாவிலும், ஜெசி வெஞ்சுரா மினசோட்டாவிலும். படத்தின் தொடக்க எழுத்துகள் 2017ஆம் ஆண்டைக் குறிப்பிடுகின்றன. அந்த ஆண்டு ஜனவரியில் வெள்ளை மாளிகைக்குள் போனவர் ‘த அப்ரென்டிஸ்’ என்ற றியாலிட்டி நிகழ்ச்சியை ஆண்டுக்கணக்காக நடத்தியவர். தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

உண்மை நிகழ்ச்சிகள் வந்த பிறகு

2000ஆம் ஆண்டளவில் ‘பிக் பிரதர்’, ‘சர்வைவர்’ ஆகியவை உலகைச் சுற்றத் தொடங்கியதும் கிண்டல் செய்பவர்களுக்கு வேலை கடினமானது. எதிர்காலத்தைக் கற்பனை செய்ய அவசியமில்லை. நேற்றிரவு ஒளிபரப்பானதைக் கொஞ்சம் தள்ளினால் போதும்.

டானியல் மினஹனின் ‘சீரிஸ் 7: த கன்டென்டர்ஸ்’ 2001இல் வந்த சிறு செலவுப் படம். மிகவும் குறைவாகப் பேசப்பட்ட படமும் கூட. வீடியோ கமராவில் எடுக்கப்பட்ட இப்படம், ஒரு நிகழ்ச்சியின் பல பகுதிகளைத் தொடர்ச்சியாக ஒளிபரப்புவது போலவே அமைந்திருக்கிறது. ஊர்மக்களில் ஐவரை அரசு குலுக்கலில் தெரிவு செய்து, ஏற்கெனவே வென்றுவரும் ஒருவரோடு மோதவிடுகிறது. வெல்லும் நிலையிலிருப்பவர் டோன், எட்டு மாதக் கர்ப்பிணி. புரூக் ஸ்மித் நடித்திருக்கிறார். மற்றவர்களில் ஒரு தாதி, வேலையிழந்த ஒருவர், பதினெட்டு வயது மாணவி. அந்த மாணவியை விளையாட்டுப் போட்டிக்கு அழைத்துச் செல்வதுபோல் பெற்றோரே காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு உற்சாகப்படுத்துகிறார்கள்.

இதில் ஒப்புதலே இல்லை. குலுக்கலில் பெயர் விழுந்தால் போகவேண்டும். யாரும் அதைக் கேள்வி கேட்பதுமில்லை. கொலைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவரும் கமராவைப் பார்த்துத் தங்கள் உணர்வுகளை விளக்குகிறார்கள், றியாலிட்டி நிகழ்ச்சிகளில் எல்லோரும் செய்வதுபோல. இந்த வகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நெருக்கடி உண்டு: கொலையைப் பார்த்து மகிழ்பவர்களைக் கண்டித்துக்கொண்டே, நமக்கும் அதே கொலையைத்தான் விறுவிறுப்பாகக் காட்டவேண்டியிருக்கிறது. மினஹன் அந்த விறுவிறுப்பை மறுத்துவிடுகிறார். கொலைகள் அசிங்கமாக, அரைகுறையாக, சமையலறைகளிலும் வாகனத் தரிப்பிடங்களிலும் நடக்கின்றன.

யப்பானில் 2000ஆம் ஆண்டு இறுதியில் வெளியான கின்ஜி ஃபுகசாகுவின் ‘பட்டில் றோயல்’ கண்டிப்பாகச் சொன்னால் தொலைக்காட்சி நிகழ்ச்சி பற்றியதல்ல. பாடசாலை வகுப்பொன்றைத் தீவில் இறக்கி, ஒருவர் மிஞ்சும்வரை கொல்லச் சொல்லும் அரசச் சட்டம் பற்றியது. ஆனாலும் மாணவர்களுக்கு விதிகளை விளக்கும் காணொளியில் கலகலவென்று சிரிக்கும் அறிவிப்பாளினி இருக்கிறார். வாத்தியாராக வருபவரோ தகேஷி கிடானோ. 1980களில் போட்டியாளர்கள் சேற்றில் விழுந்து எழும்புவதை உலகமே பார்த்துச் சிரித்த ‘தகேஷிஸ் காசில்’ நிகழ்ச்சியின் கோட்டைத் தலைவர். ஹெக், டோசன், கிடானோ: மூன்று நாடுகளில் மூன்று இயக்குநர்கள் ஒருவரையொருவர் கேட்காமல் ஒரே தந்திரத்தைக் கையாண்டிருக்கிறார்கள்.

சுசான் கொலின்ஸின் ‘த ஹங்கர் கேம்ஸ்’ நாவல் 2008இல் வந்தது, படம் 2012இல். ஒரு இரவு அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருக்கும்போது, ஒன்றில் இளைஞர்கள் பரிசுக்காகப் போட்டியிடுவதும் மற்றொன்றில் ஈராக் போர்க் காட்சிகளும் தன் மனதில் ஒன்றோடொன்று கலந்ததாக அவர் கூறியிருக்கிறார். கதையில் பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. குலுக்கல் எல்லோருக்கும் பொதுவானது என்றுதான் பெயர். ஆனால் பட்டினியில் இருக்கும் பிள்ளைகள் தானியமும் எண்ணெயும் பெறுவதற்காகத் தங்கள் பெயரைக் கூடுதல் முறை எழுதிப் போடலாம். ஆகவே ஏழைப் பிள்ளையின் பெயர் விழும் வாய்ப்பு ஆண்டுக்காண்டு கூடுகிறது. படமோ சிறுவர்கள் பார்க்கும் தரச்சான்றிதழுக்காகக் கமராவை உலுக்கி உலுக்கிக் கொலைகளை மங்கலாக்கிவிட்டது. இருந்தும் அந்தக் கதையிலிருந்து ஒன்று திரையைத் தாண்டி வெளியே வந்தது. தாய்லாந்தில் 2014 இராணுவச் சதிப்புரட்சிக்குப் பின்னும், மியன்மாரில் 2021 சதிப்புரட்சிக்குப் பின்னும் வீதிக்கு வந்த இளைஞர்கள் உயர்த்திக் காட்டியது அதில் வரும் மூன்று விரல் வணக்கத்தைத்தான்.

80 பேர், 460 வோல்ட்

இவையெல்லாம் கற்பனை, நிஜத்தில் மனிதர்கள் இப்படி நடக்கமாட்டார்கள் என்பவர்களுக்காக ஒரு பரிசோதனையைச் சொல்லவேண்டும். 2010 மார்ச்சில் பிரான்ஸ் 2 தொலைக்காட்சி ‘மரண விளையாட்டு’ என்ற ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. தயாரித்தவர் கிறிஸ்தோஃப் நிக். புதிய போட்டி நிகழ்ச்சியொன்றின் முன்னோட்டப் படப்பிடிப்பு என்று கூறி 80 பேர் அழைக்கப்பட்டனர். முன்னோட்டம் என்பதால் பரிசுப்பணம் கிடையாது என்றும் சொல்லப்பட்டது. வேலை எளிது: மறைவில் கதிரையில் கட்டப்பட்டிருக்கும் சக போட்டியாளர் பிழையான பதில் சொன்னால் மின்னதிர்ச்சி கொடுக்கவேண்டும். ஒவ்வொரு பிழைக்கும் அளவு கூடும். கடைசி அளவு 460 வோல்ட். கட்டப்பட்டவர் ஒரு நடிகர்; மின்சாரம் பாயவில்லை. போட்டியாளருக்கு அது தெரியாது. அவர் அலறுகிறார், விடச்சொல்லிக் கெஞ்சுகிறார், ஒரு கட்டத்தில் சத்தமே இல்லாமல் போகிறது.

அறிவிப்பாளினி நிதானமான குரலில் தொடரச் சொன்னார். அரங்கில் இருந்தவர்கள் தண்டனையைக் கேட்டுக் கூச்சலிட்டனர். 80 பேரில் ஐந்தில் நான்கு பங்கினர், அதாவது 81 வீதமானோர், கடைசிவரை போனார்கள். இந்தப் பரிசோதனைக்கு முன்மாதிரியாக இருந்தது அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிறம் 1960களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் செய்தது. அதன் அறியப்பட்ட வடிவத்தில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை சென்றனர். அங்கே கட்டளையிட்டவர் ஆய்வுகூட மேலங்கி அணிந்த விஞ்ஞானி. இங்கே ஒலிவாங்கி பிடித்த அறிவிப்பாளினி.

ஒரு தொலைக்காட்சி நிறுவனம், தொலைக்காட்சியின் அதிகாரம் ஆபத்தானது என்று நிரூபிப்பதற்காக, 80 பேரை ஏமாற்றி மன உளைச்சலுக்கு ஆளாக்கி, அதையே முக்கிய நேரத்தில் ஒளிபரப்பியது சரியா என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்வி. அறிவியல் ஆய்வு என்ற வகையிலும் அதன் குறைகளை உளவியலாளர்கள் சுட்டிக்காட்டினர். என்றாலும் கெஞ்சலைக் கேட்டு வியர்த்துக்கொண்டே, நடுங்கும் சிரிப்போடு, நெம்புகோலைத் தள்ளும் அந்த முகங்களைப் பார்த்தபின் ‘த ரன்னிங் மான்’ அரங்கக் கூட்டத்தை மிகைப்படுத்தல் என்று சொல்ல மனம் வராது.

திரும்பி வந்த 187 பேர்

ஹ்வாங் டொங்-ஹ்யூக் ‘ஸ்குவிட் கேம்’ கதையை முதலில் எழுதியது 2008, 2009 காலப்பகுதியில். அப்போது அதை எடுக்க யாரும் முன்வரவில்லை. 2021 செப்டெம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. 456 பேர், 4,560 கோடி வொன் பரிசு, சிறுபிள்ளை விளையாட்டுகள், தோற்றால் சாவு. இங்கே பார்வையாளர் நாடு முழுவதும் இல்லை. முகமூடியணிந்த சில செல்வந்தர்கள் மட்டுமே. அவர்கள் வரும் பகுதி தொடரிலேயே பலவீனமானது. வசனமும் நடிப்பும் கட்டையாக இருக்கும்.

தொடரின் உண்மையான பலம் இரண்டாவது அத்தியாயம். முதல் விளையாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டு 201 பேர் மிஞ்சுகிறார்கள். பெரும்பான்மை விரும்பினால் விளையாட்டை நிறுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி. வாக்கெடுப்பு நடக்கிறது. ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் நிறுத்தப்படுகிறது. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வெளியே காத்திருப்பது கடன்காரர், வைத்தியசாலைக் கட்டணம், கிடைக்காத சம்பளம். சில நாட்களில் 187 பேர் தாங்களாகவே திரும்பி வருகிறார்கள். ஷெக்லியின் சட்டம், மெங்கேயின் சட்டம், கிங்கின் வரிசை எல்லாம் சொல்ல முயன்றதை இந்த ஒரு எண் சொல்லிவிடுகிறது. யாரும் அவர்களைப் பலவந்தப்படுத்தவில்லை.

திரும்பி வருபவர்களில் ஒருவர் அலி. பாகிஸ்தானிலிருந்து வந்த தொழிலாளி; தொழிற்சாலையில் விரல்களை இழந்தவர்; முதலாளி மாதக்கணக்காகச் சம்பளம் கொடுக்கவில்லை. எல்லோரையும் மரியாதையாக அழைத்து, எல்லோரையும் நம்பி, அந்த நம்பிக்கையினாலேயே சாகிறார். வேலை அனுமதித் திட்டத்தின் கீழ் 2004இலிருந்து கொரியாவுக்குத் தொழிலாளரை அனுப்பும் நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொரிய மொழிப் பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகளில் அலியின் காட்சிகளைக் கதையாக மட்டும் பார்த்திருக்கமாட்டார்கள். நாயகன் கி-ஹூன் வேலையிழந்ததும் ஒரு கார்த் தொழிற்சாலை ஆட்குறைப்பில்தான். 2009இல் பொலிஸாரின் தாக்குதலோடு முடிந்த சங்யொங் மோட்டார் வேலைநிறுத்தத்தை மனதில் வைத்தே இயக்குநர் அதை எழுதினார்.

அடுத்து நடந்ததை எந்தக் கிண்டல் எழுத்தாளரும் எழுதத் துணிந்திருக்கமாட்டார். 2023 நவம்பரில் அதே நிறுவனம் அதே அரங்குகளை மீளக் கட்டி, 456 உண்மையான மனிதர்களை அதே பச்சை உடையில் நிறுத்தி, 45 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு ஒரு றியாலிட்டி போட்டியை வெளியிட்டது. கொலைக்குப் பதில் நெஞ்சில் கட்டிய மைப் பை வெடிக்கும். இங்கிலாந்தின் பழைய விமானக் கொட்டகையொன்றில், கடும் குளிர்காலத்தில், அசையாமல் நிற்கும் முதல் விளையாட்டு மணித்தியாலக் கணக்கில் படமாக்கப்பட்டது. சிலருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. கடனை எதிர்த்து எழுதப்பட்ட கதையை இப்படியா பயன்படுத்துவது என்று கேட்டவர்கள் இருந்தனர். நிகழ்ச்சி நன்றாக ஓடியது. இரண்டாம் பருவமும் வந்தது.

2025 நவம்பரில், கிங்கின் நாவல் நடக்கும் அதே ஆண்டில், எட்கர் ரைட்டின் புதிய ‘த ரன்னிங் மான்’ திரைக்கு வந்தது. கிளென் பவல் நாயகன். நோயுற்ற குழந்தையும் முப்பது நாள் ஓட்டமும் நாவலிலிருந்து திரும்பி வந்திருக்கின்றன. பழைய படத்துக்கு மரியாதையாக நாணயத் தாள்களில் ஸ்வார்ஸ்னேகரின் முகம். நாவலில் விமானமொன்று உயர்ந்த கட்டடத்தின்மேல் மோதுவதோடு கதை முடியும். 2001 செப்டெம்பருக்குப் பின் அதை எந்த ஹொலிவூட் நிறுவனமும் அப்படியே படமாக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இவர்களும் முடிவை மாற்றினர்.

இவற்றில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு ‘மில்லியன் விளையாட்டு’, ‘சீரிஸ் 7’ ஆகிய இரண்டையும் சொல்வேன். இரண்டும் ஒன்றரை மணித்தியாலம் அளவானவை. ‘சீரிஸ் 7’, ‘பட்டில் றோயல்’ இரண்டையும் பிள்ளைகள் உறங்கிய பிறகு பார்ப்பது நல்லது. ‘ஸ்குவிட் கேம்’ தொடரை எப்படியும் அவர்கள் பார்த்திருப்பார்கள்.